ரத்த மாதிரியில் ராஜ்மா சாறு எதற்கு?

வைகைக்கரை:
குரோமோசோம் பரிசோதனைக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். ரத்தத்தை வளர்ப்பு ஊடகத்தில் விடும்போது பி.எச்.ஏ. என்ற திரவத்தையும் சேர்க்கச் சொல்கிறார்கள். அது ராஜ்மாவிலிருந்து எடுப்பதாம். பயறுக்கும் வெள்ளணுவுக்கும் என்ன உறவு? அப்படியானால் ராஜ்மா சாப்பிட்டால் எதிர்ப்பு சக்தி கூடுமா?

பழைய நுண்ணோக்கி:
சாப்பாட்டை அப்புறம் பார்ப்போம் தம்பி. ரத்தத்தில் ஓடும் லிம்போசைட் (வெள்ளணுவில் ஒரு வகை) சும்மா இருந்தால் பிரியாது, அதாவது இரண்டாகிப் பெருகாது. பிரியாத செல்லில் குரோமோசோமை எண்ண முடியாது. பி.எச்.ஏ. ஒரு லெக்டின், அதாவது சர்க்கரைச் சங்கிலிகளைப் பற்றிக்கொள்ளும் புரதம். லிம்போசைட்டில் ஒரு வகையான டி செல்லின் ஏற்பிகளிலும் (செல்லின் மேல் இருந்து செய்தி வாங்கும் புரதங்கள்) அந்தச் சங்கிலிகள் உண்டு. பல ஏற்பிகளை அது ஒன்றாகக் கட்டி இழுத்ததும், கிருமி வந்துவிட்டதென்று செல் ஏமாந்துபோகிறது. உள்ளே கால்சியம் ஏறும், பிரியத் தூண்டும் இன்டர்லியூக்கின்-2 என்ற புரதம் சுரக்கும், செல் பெருத்துப் பிரியும். 37 டிகிரியில் 72 மணி நேரம் நாம் காத்திருப்பது இதற்காகத்தான்.

1960இல் பிலடெல்பியாவில் பீட்டர் நோவெல் கண்டது இது. சிவப்பணுக்களைத் திரட்டி ஒதுக்குவதற்காகத்தான் அந்தச் சாற்றைச் சேர்த்தார்கள். வெள்ளணுக்கள் பிரிவதற்கும் அதுவே காரணம் என்று அவர் காட்டினார். லிம்போசைட் இனிமேல் பிரியாத செல் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தார்கள்.

பிரியும் செல்லை நடுவில் நிறுத்தக் கடைசியில் சேர்க்கும் கோல்ச்சிசினையும் கவனியுங்கள். நம் செங்காந்தளிலும் அது இருக்கிறது. மூலனூர்ப் பக்கம் விதைக்காகவே பயிரிடுகிறார்கள். ஒரு செடி செல்லை முடுக்குகிறது, இன்னொன்று பாதிப் பிரிவில் மறிக்கிறது. எனக்கு இந்த வேலையில் பிடித்ததே இதுதான்.

ஒன்று மறக்க வேண்டாம்: ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் போட்ட பச்சை மூடிக் குழாயில்தான் ரத்தம் வாங்க வேண்டும். ஊதா மூடியில் உள்ள இ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். திருப்பி அனுப்பினால் வார்டில் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

மழைத்தூறல்:
காசநோய்த் தொற்றை அறியும் இக்ரா பரிசோதனையிலும் ஒரு குழாயில் இதே பி.எச்.ஏ. இருக்கும். நோயாளியின் டி செல்கள் எழக்கூடிய நிலையில் இருக்கின்றனவா என்று அதில் தெரியும். காசநோய்க் கிருமியின் புரதம் உள்ள குழாயில் டி செல்கள் எழாமல், இதிலும் அவை எழும்போது விடும் இன்டர்பெரான் காமா என்ற புரதம் போதிய அளவு சுரக்காவிட்டால், ‘தொற்று இல்லை’ என்று எழுத மாட்டோம். முடிவு சொல்ல இயலாது என்றுதான் எழுதுவோம்.

வைகைக்கரை:
நன்றி ஐயா. ராஜ்மா விஷயம்?

பழைய நுண்ணோக்கி:
குழாயில் அது டி செல்களைப் பாகுபாடில்லாமல் எழுப்புகிறது. உடலுக்கு வேண்டியது அதுவல்ல; வந்த கிருமியை அடையாளம் காணும் செல்கள் மட்டும் பெருகினால் போதும். மேலும், பச்சை ராஜ்மாவில் நான்கைந்து பயறு உள்ளே போனாலே சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். அதுவும் இதே லெக்டினின் வேலைதான். நன்றாக வேகவைத்தால் அது சிதைந்துவிடும், பிறகு எந்தச் செல்லையும் எழுப்பாது. இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் வைத்தால் கவலையில்லை. கொதிநிலைக்கே போகாமல் மெதுவாகச் சூடாகும் மின்சட்டியில் மட்டும் வைக்காதீர்கள். 80 டிகிரியில் அரைவேக்காடாக நின்றால் பச்சையைவிட நச்சு கூடக்கூடும்.