நாலு போர்ஷன் வீடு, கேப் ரேட் 4.65%னு சொல்றாங்க, நம்பி வாங்கலாமா?

வைகைக்கரை_தம்பி:
அண்ணன்மாரே ஒரு கணக்கு பாத்து சொல்லுங்க. மதுரை அவனியாபுரம் பக்கம் மூணரை சென்ட்ல ஒரு வீடு விலைக்கு வருது, கீழ ரெண்டு மேல ரெண்டுன்னு நாலு போர்ஷன். 80 லட்சம் சொல்றாங்க. கீழ ரெண்டும் 8,500, மேல ரெண்டும் 7,000, ஆக மாசம் 31,000. கேப் ரேட் 4.65% வருது, நல்ல ரேட்டுன்னு புரோக்கர் சொல்றார். மேல ஒரு போர்ஷன் மட்டும் 7 லட்சத்துக்கு ஒத்தியில இருக்கு (மொத்தமா பணத்த வாங்கிட்டு வாடகை இல்லாம இருக்க விட்டு, காலி பண்ணும்போது திருப்பிக் குடுக்குறது), அதையும் வாடகை மாதிரி சேர்த்துத்தான் அந்த 31,000. கையில இருக்குறது போக 50 லட்சம் லோன் போடணும். வீட்டுல அம்மா வாங்கச் சொல்றாங்க, எனக்கு பயமா இருக்கு.

காளவாசல்_கணக்கு:
தம்பி, புரோக்கர் சொன்னது கேப் ரேட்டே இல்ல. வருஷ வாடகை 3,72,000ஐ 80 லட்சத்தால வகுத்திருக்கார், அவ்வளவுதான். செலவெல்லாம் கழிச்சு மிஞ்சுறத விலையால வகுத்தாத்தான் கேப் ரேட். போர்ஷன் வீட்டுல ஆள் மாறிக்கிட்டே இருக்கும், காலி பண்ணி வெள்ளையடிச்சு அடுத்த ஆள் வர்றதுக்குள்ள ஒரு மாசம் போயிரும், அதுக்கு 31,000 கழிங்க. வீட்டு வரி ஆறு மாசத்துக்கு ஒருக்கா வரும், ரெண்டு தடவைக்கும் சேத்து 9,000னு வைங்க (பழைய ரசீது கேட்டு வாங்கி சரியான தொகைய போட்டுக்கங்க). பொது மோட்டார், மாடிப்படி லைட்டுக்கு ஈபி 10,000. பெயிண்ட், பைப்பு, செப்டிக் டேங்க், மோட்டார் காயில் எரியுறதுன்னு 30,000 ஒதுக்கணும், பழைய கட்டடம்னா இதுவே பத்தாது. மொத்தம் 80,000 போச்சு, மிச்சம் 2,92,000. இப்ப வகுத்தா 3.65%. இன்னொன்னு, பத்திரச் செலவு முத்திரைத்தாள் 7%, பதிவு 2%, முழு விலைக்கும் பதிஞ்சா 7,20,000 வரும், உங்க கைக்காசு கணக்குக்கு அதையும் சேத்தா 3.35%தான்.

இஎம்ஐய இதுல கழிக்கக் கூடாது, கேப் ரேட்டுங்கிறது வீட்டோட கணக்கு, லோன் உங்க கணக்கு. ஆனா ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்கணும். 50 லட்சம், 20 வருஷம், 8.5% வட்டின்னா மாசம் 43,000க்கு மேல கட்டணும். வீடு குடுக்குறது, ஒத்தி போர்ஷனையும் வாடகையா எண்ணினாக்கூட, மாசம் 24,000 சொச்சம். மீதி 19,000 உங்க சம்பளத்துல இருந்துதான் போகணும்.

ஒத்தக்கடை_அக்கா:
அந்த ஒத்தி விஷயத்த யாரும் லேசா விடாதீங்க. நீங்க வாங்குன பிறகு அவங்க காலி பண்ணும்போது 7 லட்சத்த யாரு குடுக்குறது? நீங்கதான் தம்பி குடுக்கணும். அதனால விலையில அந்த 7 லட்சத்த கழிச்சுட்டு 73தான் விக்கிறவருக்கு தரணும், மத்த மூணு வீட்டு அட்வான்ஸும் அப்படித்தான். எங்க பக்கம் ஒத்திக்கு நூத்துக்கு ஒரு ரூபா வட்டின்னு வச்சுத்தான் பேசுவாங்க, 7 லட்சத்துக்கு 7,000 வாடகைன்னு அதனாலதான் சரியா வருது. அதாவது வருஷத்துக்கு 12% வட்டிக்கு கடன் வாங்குன மாதிரி, பேங்க் லோன விட கூட. முடிஞ்சா முதல்ல அந்த ஒத்திய திருப்பிட்டு வாடகைக்கு விடுங்க.

திருநகர்_மாமா:
எல்லாம் சரிதான், ஆனா மதுரையில யாருங்க வாடகைய நம்பி இடம் வாங்குறா? மண்ணு ஏறும்னுதான் வாங்குறது. 2004ல ஹைகோர்ட் கிளை வந்த பிறகு ஒத்தக்கடை பக்கம் இடத்து விலை என்ன ஆச்சுன்னு அக்காவுக்கே தெரியும். கேப் ரேட்ல அது தெரியாது, அத மட்டும் பாத்தா நம்மூர்ல ஒரு வீடும் வாங்க முடியாது.

காளவாசல்_கணக்கு:
மாமா சொல்றது நெசம், ஏத்தத்த கேப் ரேட் காட்டாது. ஆனா மண்ணுக்காகத்தான்னா காலி மனையா வாங்கிட்டுப் போகலாம், வாடகைன்னு சொல்லி விக்கும்போது வாடகைக் கணக்குதான் பேசணும். அதுவும் இல்லாம ஏத்தம் எப்ப வரும்னு தெரியாது, இஎம்ஐ ஒவ்வொரு மாசமும் வரும். என்னைக் கேட்டா கேப் ரேட்டோட பெரிய உபயோகமே பேரம் பேசுறதுதான். உங்களுக்கு 4.5% வேணும்னா 2,92,000ஐ 0.045ஆல வகுங்க, 65 லட்சம் கிட்ட வரும், அங்கிருந்து பேச்ச ஆரம்பிங்க. அதே தெருவுல, வில்லாபுரத்துல இதே மாதிரி போர்ஷன் வீடு நாலஞ்சு பாத்து அதுக்கும் இதே மாதிரி செலவு கழிச்சு ஒப்பிடுங்க, அண்ணா நகர் ஃப்ளாட்டோட ஒப்பிட்டா ஒண்ணும் விளங்காது.

வைகைக்கரை_தம்பி:
ரொம்ப நன்றிண்ணே, அக்கா, மாமா. ஒத்திப் பத்திரம் வில்லங்கச் சான்றிதழ்ல தெரியுமா?

ஒத்தக்கடை_அக்கா:
பதிவு பண்ணிருந்தா தெரியும். முக்கால்வாசி பேரு பத்திரத்தாள்ல எழுதி கையெழுத்தோட விட்டுருவாங்க, அது வில்லங்கத்துல வராது. அதனால குடியிருக்கிற நாலு பேர்கிட்டயும் நேர்ல போயி அக்ரிமெண்ட் காப்பி வாங்குங்க, எவ்வளவு அட்வான்ஸ், எவ்வளவு ஒத்தின்னு அவங்க கையாலயே எழுதி வாங்கிட்டு, அந்தத் தொகைய கிரய ஒப்பந்தத்துலயே போடச் சொல்லுங்க. அதுக்கு அப்புறம் முன்பணம் குடுத்தாப் போதும்.