அறுபதாம் கல்யாணத்துக்கு எந்த அரிசி? (கீழத்தெரு குடும்பம் குழு)

தேவி: எல்லாருக்கும் வணக்கம். அப்பா அறுபதாம் கல்யாணம் திருக்கடையூர்லதான், மண்டபம் சொல்லியாச்சு. சமையல்காரர் இன்னிக்குள்ள மெனு கேக்கறார். 250 இலை. சாதம் மட்டும்தான் பாக்கி. பொன்னியா, மாப்பிள்ளைச் சம்பாவா?

மீனா அத்தை: இதுல கேக்க என்ன இருக்கு. மாமா வயல்ல விளைஞ்சது மூட்டை மூட்டையா கிடக்கு

லதா சித்தி: பாரம்பரியம்தான் 🙏🙏

ராஜா (துபாய்): சம்பா 👍 அப்பாவுக்கு சுகர் வேற

மோகன் சித்தப்பா: 👍

பிரியா: சூப்பர் ❤️

அப்பா: கேசரி உண்டா

தேவி: அப்பா நீங்க பேசாதீங்க. சம்பான்னா இலைக்கு 35 ரூபாய் கூடுமாம். ராத்திரியே ஊற வைக்கணும், வேக நேரம் ஆகும், தனி ஆள் வேணும்ங்கறார். மொத்தம் 8,750. ஆளுக்கு எவ்வளவு போடறீங்க?

லதா சித்தி: 35ஆ

பிரியா: மோகன் மாமா கட்டைவிரலை எடுத்துட்டார் 😂😂

மோகன் சித்தப்பா: கை பட்டுடுச்சு

மீனா அத்தை: யாருக்கு எங்க கை படும்னு எங்களுக்குத் தெரியும்

கார்த்தி: இதுக்குத்தான் காத்திருந்தேன். நாங்க படிக்கிற பாடமே இதுதான். "வாங்குவீங்களா"ன்னு கேட்டா எல்லாரும் வாங்குவோம்னுதான் சொல்வாங்க. பர்ஸைத் திறக்கச் சொன்னா தொகை இறங்கிடும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற அந்த வித்தியாசம் ஆராய்ச்சி பண்றவங்களுக்கே பெரிய தலைவலி. சத்தான சாப்பாடு, இயற்கை விவசாயத்துல விளைஞ்சது மாதிரி நல்ல பேர் கிடைக்கிற பொருள்னா கேக்கவே வேணாம், இல்லைன்னு சொல்ல யாருக்கும் வாய் வராது. மாமா வயல் படம் போடும்போதெல்லாம் இந்தக் குழுவுல எத்தனை 🙏 விழுது. அதுல எத்தனை பேர் வீட்டுல இப்ப சம்பா இருக்கு?

லதா சித்தி: கார்த்தி போதும்

ராஜா (துபாய்): நான் துபாய்ல இருக்கேன்பா

செல்வம் மாமா: பையன் கேட்டது சரிதான். போன தையில அறுத்தது. ஆறு மூட்டை நிக்குது

மீனா அத்தை: நீங்க எதுக்கு எல்லாத்தையும் குரூப்புல சொல்றீங்க

செல்வம் மாமா: பாரம்பரிய நெல் விதைகளைத் தேடிக் காப்பாத்தின நெல் ஜெயராமன் இருந்தப்ப திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவுல ரெண்டு கிலோ விதை வாங்கிட்டு வந்தேன். அடுத்த வருஷம் நாலு கிலோ திருப்பிக் குடுத்தேன், அதான் அங்க கணக்கு. அன்னிலேர்ந்து விடாம போடறேன். அஞ்சு மாசத்துக்கு மேல வயல்ல நிக்கும், ஆள் உசரம் வரும், ஒரு காத்து அடிச்சா சாஞ்சிடும். மகசூல் கம்மி. பொன்னி விலைக்கே குடுன்னா எப்படி?

மோகன் சித்தப்பா: யாரும் அப்படிக் கேக்கலையே அத்தான்

மீனா அத்தை: பொங்கலுக்குக் கேட்டீங்க

லதா சித்தி: ஃபார்வர்டு செய்தது: ⚠️ ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக்!! தண்ணீரில் போட்டால் மிதக்கிறது!! உங்கள் குழந்தைகளைக் காப்பாற்றுங்கள்!!

லதா சித்தி: நம்ம அரிசியிலயும் இருக்கு. நானே பாத்தேன். வெள்ளையா தனியாத் தெரியுது

தேவி: சித்தி மெனு

கார்த்தி: அம்மா அது பிளாஸ்டிக் இல்ல. செறிவூட்டின அரிசி. அரிசி மாவுலயே இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து திரும்ப அரிசி மாதிரி அச்சுல போட்டு எடுக்கறாங்க. சாதா அரிசி 100 கிலோவுக்கு இது 1 கிலோங்கறது கணக்கு. மிஷின்ல செஞ்சதால நிறம் கொஞ்சம் மாறும், சிலது மிதக்கும். 2021 சுதந்திர தினத்துல பிரதமர் அறிவிச்சது, 2024க்குள்ள நாடு பூரா ரேஷனுக்கு வந்துடுச்சு. நீ பொறுக்கி எறியறது எல்லாம் அதுல இருக்கிற சத்துதான்

லதா சித்தி: எறியல. அப்பாயி கோழிக்குப் போடறாங்க

பிரியா: அதான் அந்தச் சேவல் ஆளைப் பாத்தா பறந்து வருதா 😭

அப்பாயி: 🎤 குரல் செய்தி 1:47

ராஜா (துபாய்): அப்பாயி என்ன சொல்றாங்க, ஆபீஸ்ல இருக்கேன்

தேவி: மிதக்கிற அரிசியை மனுஷன் திங்கமாட்டான்னு சொல்றாங்க. அப்புறம் அந்தக் காலத்துல சம்பாக் கஞ்சிதான் குடிச்சாங்களாம், வெள்ளைச் சோறு தீபாவளிக்கு மட்டும்தானாம். வெள்ளைச் சோறு திங்கணும்னுதான் புள்ளைங்களைப் படிக்க வச்சாங்களாம், இப்ப அதுங்க சிவப்புச் சோறு கேட்டு அலையுதுங்களாம்

அப்பா: 😂😂😂 அம்மா சொன்னா சரி

கார்த்தி: அப்பாயி சொன்னதுல ஒரு பெரிய விஷயம் இருக்கு. 1857லயே எர்ன்ஸ்ட் ஏங்கல்னு ஒரு ஜெர்மன் புள்ளியியல்காரர் சொல்லிட்டார், வருமானம் ஏற ஏற அதுல சாப்பாட்டுக்குப் போற பங்கு குறையும்னு. நம்ம நாட்டுலயும் அப்படித்தான். 1999-2000ல கிராமத்துல குடும்பச் செலவு 100 ரூபாய்ல 59 சாப்பாட்டுக்குப் போச்சு. 2022-23 கணக்கெடுப்புல 46தான். அதுல அரிசி, கோதுமை மாதிரி தானியத்துக்கு ஏறக்குறைய 5 ரூபாய். பானம், பாக்கெட்டு, கடைத் தின்பண்டம் இதுக்கெல்லாம் 9 ரூபாய்க்கு மேல! அரிசி விலை 5 ரூபாய் ஏறினா பேப்பர்ல தலைப்புச் செய்தி. மிக்சர் விலை ஏறினா யாரும் பேசறதில்ல. மாமா அரிசிக்குப் போட்டி பொன்னி மட்டும் இல்ல, பிஸ்கட்டும்தான். கூல்டிரிங்ஸுக்கு விலை பேசாத வீட்டுல

கார்த்தி: (தொடர்ச்சி) அரிசிக்கு மட்டும் பேரம் நடக்குது. ஏன்னா அரிசி சும்மா வர்ற பொருள்னு மனசுல பதிஞ்சு போச்சு. தமிழ்நாட்டு ரேஷன்ல 2006ல கிலோ 2 ரூபாய், 2008ல 1 ரூபாய், 2011லேர்ந்து இலவசம். நான் அதைத் தப்புன்னு சொல்லல, எத்தனையோ வீட்டுல அடுப்பு எரிஞ்சதே அதாலதான். ஆனா சும்மா கிடைக்கிறதுக்குப் பக்கத்துல வச்சுப் பாத்தா எந்த விலையும் கொள்ளையாத்தான் தெரியும்

மோகன் சித்தப்பா: கட்டுரை முடிஞ்சுதா

பிரியா: மிக்சர் எங்க வந்துச்சு

மீனா அத்தை: படிச்ச புள்ள. கேட்டுக்கோங்க

லதா சித்தி: இட்லிக்கு ரேஷன் அரிசிதான் நல்லா வருது, யார் என்ன சொன்னாலும்

தேவி: கார்த்தி, சமையல்காரர் ரெண்டு தடவை போன் பண்ணிட்டார்

கார்த்தி: சரி, ஒரு சோதனை. 1964ல பெக்கர், டிக்ரூட், மார்ஷாக்னு மூணு பேர் சொன்ன வழி. ஒரு கிலோ சம்பாவுக்கு அதிகபட்சம் எவ்வளவு குடுப்பீங்கன்னு எனக்குத் தனியா அனுப்புங்க. நான் குலுக்கி ஒரு விலைச் சீட்டு எடுப்பேன். சீட்டு விலை உங்க தொகைக்குச் சமமாவோ கம்மியாவோ இருந்தா, அந்தச் சீட்டு விலைக்கு நீங்க கட்டாயம் வாங்கணும். கூட இருந்தா உங்களுக்குக் கிடையாது. பெருமைக்குக் கூட்டிப் போட்டா தலையில விழும், கஞ்சத்தனமா குறைச்சுப் போட்டா அரிசி போயிடும். அதனால மனசுல இருக்கிறதைப் போடறதுதான் லாபம். காசு ஜிபே, மாமாவுக்கு நேரா

ராஜா (துபாய்): சீட்டாட்டம் மாதிரி இருக்கே

அப்பா: நான் போட்டுட்டேன்

பிரியா: நானும்

கார்த்தி: ஆறு பேர் வந்தாச்சு. பேர் சொல்லல. 120, 95, 90, 70, 60. ஒருத்தர் 0

மீனா அத்தை: 0 யாரு

மோகன் சித்தப்பா: பேர் சொல்லலைன்னு சொன்னானே

மீனா அத்தை: அப்ப நீதான்

மோகன் சித்தப்பா: எனக்குப் பல்லு சரியில்லக்கா, சம்பா மெல்ல முடியல. அதுக்கு நான் ஏன் காசு குடுக்கணும்

கார்த்தி: எங்க அப்பா சொல்றது செல்லும். 0ங்கறதும் ஒரு பதில்தான். சீட்டு 80 வந்துச்சு. மூணு பேர் ஆளுக்கு ஒரு கிலோ

செல்வம் மாமா: மூணு கிலோவா. ஆறு மூட்டை தம்பி

பிரியா: அப்பா 😂

மீனா அத்தை: சிரிக்காத. உன் கல்யாணத்துல அரிசி யார் வயல்லேர்ந்து வந்துச்சு?

லதா சித்தி: அந்தக் கல்யாணத்துல கடைசிப் பந்திக்குப் பாயசம் வரலைங்கறதும் ஞாபகம் இருக்கு

மீனா அத்தை: ஆரம்பிச்சுட்டியா லதா

தேவி: 🙏 இப்படிப் பண்ணலாம். பந்திக்குப் பொன்னி. சர்க்கரைப் பொங்கல் மட்டும் சம்பாவுல. மாமாகிட்ட ஒரு மூட்டை வாங்கிக்கலாம். பொங்கலுக்குப் போக மீதியை வர்றவங்களுக்குத் தாம்பூலப் பையில கால் கிலோ. சரியா?

ராஜா (துபாய்): 👍

லதா சித்தி: தேங்காய் குடுக்கறதுதானே வழக்கம்

செல்வம் மாமா: எந்த விலைக்கு? சீட்டு விலையா, சந்தை விலையா?

கார்த்தி: நல்ல கேள்வி மாமா. அதாவது

தேவி: கார்த்தி வேணாம்

அப்பா: சர்க்கரைப் பொங்கல் சரி. கேசரியும் போடுங்க

தேவி: அப்பா உங்களுக்குச் சுகர்

அப்பா: நான் 120 போட்டவன்

மோகன் சித்தப்பா: திருக்கடையூர் வேன் எத்தனை மணிக்கு? அந்தப் பழைய டிரைவர் வேணாம்

மீனா அத்தை: வேன் காசு யாரு? அதுக்கும் சீட்டா?

செல்வம் மாமா: தேவி, மூட்டை ஏத்தட்டுமா வேணாமா