பரங்கிமலையில் பயிற்சி முடித்தவர்களுக்கு மேற்படிப்பு ஸ்காலர்ஷிப்: எங்கள் அனுபவம்

முன்னாள் மேஜர், பொறியாளர் படை:

ராணுவ அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் பரங்கிமலை ஓ.டி.ஏ.வில் (ஆபீஸர்ஸ் டிரெயினிங் அகாடமி) பயிற்சி முடித்து, ஷார்ட் சர்வீஸில், அதாவது குறுகிய காலப் பணியில், பத்து வருஷம் இருந்துவிட்டு வெளியே வந்தவன் நான். ஸ்காலர்ஷிப் தேடும் தம்பி, தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான்: சர்வீஸில் இருக்கும்போதே காகிதங்களைச் சேர்த்து வையுங்கள்.

என்னுடையது மூன்று வருஷ பி.எஸ்சி. அமெரிக்காவில் படிப்பதற்கான ஃபுல்பிரைட்-நேரு முதுகலை உதவித்தொகைக்கு நான்கு வருஷப் பட்டம் கேட்பார்கள். இல்லாவிட்டால் முதுகலைப் பட்டமோ முழுநேர முதுகலை டிப்ளமோவோ வேண்டும். ஓ.டி.ஏ. பயிற்சிக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் தரும் முதுகலை டிப்ளமோ பலருடைய டிரங்குப் பெட்டியில் மடிந்து கிடக்கிறது. அதை மதிப்பெண் பட்டியலோடு எடுத்து, செல்லுபடியாகுமா என்று விண்ணப்பிக்கும் முன்பே எழுதிக் கேளுங்கள்.

பரிந்துரைக் கடிதம்தான் பெரிய வேலை. நம் சி.ஓ.க்களுக்கு, அதாவது கமாண்டிங் ஆபீஸர்களுக்கு, கைவந்தது வருஷாந்திர ரகசிய அறிக்கை. "கட்டுப்பாடானவர், பொறுப்பானவர்" என்று நான்கு வரியில் முடித்துவிடுவார்கள். தேர்வுக் குழுவுக்கு அதை வைத்து ஆளை எடைபோட முடியாது. என் சி.ஓ.விடம் நேரில் போய் 2018 கேரள வெள்ளத்தைப் பற்றிப் பேச்செடுத்தேன். "மீனவர்களோட படகையும் நம்ம ரப்பர் படகையும் தெருவாரியா பிரிச்சு விட்டது நீதானே? பள்ளிக்கூடக் கரும்பலகையில சாக்பீஸால மேப் போட்டிருந்தியே!" என்றார். "அதையே எழுதுங்க சார்" என்றேன். ஒரு முழுப் பக்கம் எழுதிக் கொடுத்தார். நேர்முகத்தில் அந்த மேப்பைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினோம். சி.ஓ. மாற்றலாகிப் போனபின் அவரைத் தேடிப் பிடிப்பது லேசான காரியமில்லை.

முன்னாள் கேப்டன், சப்ளை பிரிவு:

அண்ணா சொன்னதோடு, பிரிட்டனில் முதுகலை படிக்க அந்நாட்டு அரசு தரும் செவனிங் உதவித்தொகை பற்றியும் சொல்கிறேன். 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்பார்கள். நமக்கு அது ஒரு பொருட்டே இல்லை. தொடர்புகளை எப்படி வளர்த்துப் பயன்படுத்தினீர்கள் என்ற கட்டுரையில்தான் நம் ஆட்கள் திணறுகிறார்கள். சிபாரிசு பிடித்த கதை என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். பனி விழுந்து சாலை மூடுவதற்குள் ஆறு மாத ரேஷனை மேலே ஏற்ற, லாரிக்காரர்களையும் ஊர்ப் பெரியவர்களையும் எப்படி ஒன்றுசேர்த்தேன் என்று நான் எழுதினேன். அதுவும் தொடர்புதானே! படிப்பு முடிந்ததும் குறைந்தது இரண்டு வருஷம் தாய்நாட்டில் இருக்க வேண்டும். அதனால் திரும்பி வந்து எந்தத் துறையில், என்ன வேலை செய்யப்போகிறீர்கள் என்பதை ஊர், பேர் சொல்லி எழுதுங்கள். சர்வீஸில் இருப்பவர்கள் ராணுவத்தின் அனுமதிக் கடிதத்தை முதலிலேயே கேட்டுவிடுங்கள். மேலே போய்க் கையெழுத்தாகி வர நாளாகும்.