அனுப்பிய பிட்காயின் நடுவழியில் நின்ற அனுபவம் யாருக்கெல்லாம் உண்டு?

மல்லிகா_டெவ்:
2024 ஏப்ரல் 20. ஹாவிங் (புது பிட்காயின் பரிசு பாதியாகும் நாள்) அன்று மாட்டியவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். போர்ச்சுகலில் இருக்கும் என் வாடிக்கையாளர் முதல் நாள் இரவே எனக்கான தொகையை அனுப்பியிருந்தார். கட்டணம் விபைட்டுக்கு (பரிவர்த்தனையின் அளவை எண்ணும் அலகு) 30 சடோஷி (ஒரு பிட்காயினில் பத்துக் கோடியில் ஒரு பங்கு). நம் நேரப்படி விடிகாலை ஐந்தே முக்கால் வாக்கில் 840000-வது பிளாக் (பரிவர்த்தனைகளை மொத்தமாகப் பதியும் தொகுதி) வந்தது. ரூன்ஸ் (பிட்காயின் மேலேயே டோக்கன் உருவாக்கும் முறை) தொடங்கியதும் அதே பிளாக்கில்தான். மெம்பூல் (பிளாக்கில் ஏறக் காத்திருக்கும் பரிவர்த்தனைகளின் வரிசை) பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த பிளாக்கில் ஏறத் தேவையான கட்டணம் கண்ணெதிரே ஆயிரம் சடோஷியைத் தாண்டிப் போனது. அந்த 840000-வது பிளாக்கில், அதை உருவாக்கிய மைனருக்குக் கிடைத்த கட்டணம் மட்டும் 37 பிட்காயினுக்கு மேல். புதிதாகப் பிறந்த காயின் 3.125 தான். என் 30 சடோஷி அந்த வரிசையில் எங்கே நிற்கும்?

இன்றைக்கும் உறுத்துவது வேறு. அவர் "அனுப்பிவிட்டேன், பாருங்கள்" என்று தன் திரையைப் படம் எடுத்து அனுப்புகிறார். நான் "இன்னும் உறுதியாகவில்லை" என்று என் திரையைப் படம் எடுத்து அனுப்புகிறேன். இரண்டிலும் இருப்பது ஒரே பரிவர்த்தனை எண். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. கட்டணத்தைக் கூட்டச் சொன்னேன், அவருடைய வாலட்டில் அந்த வசதியே இல்லை. நெரிசல் தணிந்ததும் பணம் வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு அவர் எழுதும் மெயில்களில் பழைய இணக்கம் இல்லை.

சில்லறைப்பை:
உங்களுக்காவது ஒரே துண்டாக வந்தது. எனக்குப் பல வருடங்களாக வீடியோ பார்ப்பவர்கள் கொடுத்த சின்னச் சின்னத் தொகைகள், ஒவ்வொன்றும் சுமார் 20,000 சடோஷி, நாற்பது துண்டு. எல்லாம் 1-இல் தொடங்கும் பழைய முகவரிக்கு வந்தவை. அம்மாவின் கண் அறுவைக்காக எடுக்கப் போனேன். மொத்தம் 8 லட்சம் சடோஷி. அனுப்பு என்று தட்டியதும் திரையில் கட்டணம் கிட்டத்தட்ட 6 லட்சம் என்று வந்தது. வாலட் காட்டும் இருப்பு என்பது உண்டியல் சில்லறை மாதிரி, ஒவ்வொரு காசையும் தனித்தனியாக எண்ணி வைக்க வேண்டும் என்பது அந்த ஒரு எண்ணைப் பார்த்தபோதுதான் உறைத்தது. பழைய முகவரியில் ஒரு துண்டைச் செலவழிக்க 148 பைட். நாற்பதுக்கும் சேர்த்துப் பெருக்கிப் பாருங்கள், அன்றைய விலை விபைட்டுக்கு 100 சடோஷி. அனுப்பாமல் மூடிவிட்டேன். அறுவைக்குத் தம்பி கடன் வாங்கினான்.

ஈரோடு_நோடு:
@சில்லறைப்பை, முக்கால் பங்கு கட்டணம் என்று படிப்பவர்கள் தொகையைப் பார்த்துத்தான் பிட்காயின் கட்டணம் வசூலிக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். தொகைக்கும் கட்டணத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஆயிரம் பிட்காயினை ஒரே துண்டாக அனுப்பினால் உங்களுடைய 8 லட்சம் சடோஷியை விடக் குறைவாகத்தான் ஆகும். பரிவர்த்தனையின் எடை, அதாவது பைட் அளவு, எவ்வளவோ அவ்வளவு கட்டணம். 2017 ஆகஸ்ட் 24-இல் செக்விட் (பரிவர்த்தனையின் எடையைக் குறைத்த மாற்றம்) வந்த பிறகு, பிசி1கியூ (bc1q) என்று தொடங்கும் முகவரியில் வாங்கியிருந்தால் ஒரு துண்டுக்கு 68 விபைட் போதும், பாதிக்கும் குறைவு. நெரிசல் இல்லாத வாரக் கடைசியில் எல்லாத் துண்டையும் உங்களுடைய ஒரே முகவரிக்கு அனுப்பிச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். துண்டுகள் எல்லாம் ஒரே ஆளுடையவை என்பது பிறகு ஊருக்கே தெரிந்துவிடும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். கட்டணத்தைக் கையால் அடிக்கிறவர்கள் இரண்டு தடவை பார்க்க வேண்டும். 2023 செப்டம்பரில் பாக்ஸோஸ் நிறுவனம் 0.074 பிட்காயினை அனுப்ப 19.8 பிட்காயின் கட்டணம் கட்டியது. பிளாக்கை எடுத்த எஃப்2பூல் என்ற மைனர் குழு திருப்பிக் கொடுத்தது, ஆனால் கொடுத்தே ஆக வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது.

@மல்லிகா, பெறுகிறவரும் நின்ற பரிவர்த்தனையை முன்னே தள்ளிவிடலாம். வரவேண்டிய அந்தத் துண்டையே அதிகக் கட்டணத்தில் உங்கள் இன்னொரு முகவரிக்கு அனுப்புங்கள். பிள்ளையின் (இந்தப் புதுப் பரிவர்த்தனையின்) கட்டணத்துக்கு ஆசைப்பட்டு மைனர் தாயையும் (நிற்கும் பழையதையும்) சேர்த்தே எடுப்பார். தாய் 141 விபைட் 30 சடோஷியில், பிள்ளையும் 141. சராசரி 100 வர வேண்டுமென்றால் பிள்ளை 170 கட்ட வேண்டும்.

என் அனுபவம் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பியது மூன்று உறுதிப்பாடு (பிளாக்கில் ஏறி, அதற்கு மேல் இன்னும் இரண்டு பிளாக்) வரும்வரை கணக்கில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

மல்லிகா_டெவ்:
நன்றி, ஆனால் நான் வழி கேட்கவில்லை. அதை அன்றைக்கே செய்து பார்த்தேன். சராசரி 100 எல்லாம் அன்று செல்லவில்லை. அதோடு, நோடுகளின் (பிட்காயின் வலையை இயக்கும் கணினிகளின்) மெம்பூல் இயல்பாக 300 எம்பிதான் தாங்கும். நிரம்பி வழிந்தால் கீழ்க் கட்டணக்காரர்களை வெளியே தள்ளிவிடும். தாயே வெளியே போன நோடில் பிள்ளையை உள்ளே விடமாட்டார்கள். "உள்ளீடு காணவில்லை" என்று பிழை வந்தது. அனுப்பியதற்கே தடயம் இல்லாத அந்த நிமிடம் இருக்கிறதே, அதைத்தான் சொல்ல வந்தேன்.

கிளாங்_குமரன்:
என் மச்சான் கதை இதற்கு நேர் எதிர். வந்த பணம் திரும்பிப் போனது. கேமரா லென்ஸ் விற்றார். வாங்க வந்த பையன் ரொம்ப மரியாதை, "அண்ணா, ஸ்கேன் பண்ணிட்டேன்" என்று போனைக் காட்டினான். மச்சான் போனிலும் மணி அடித்தது, தொகை வந்தது, கீழே சின்ன எழுத்தில் "உறுதியாகவில்லை". லென்ஸை உறையில் போட்டுக் கையில் கொடுத்து, காப்பியும் வாங்கிக் கொடுத்தார். பையன் ரயில் ஏறியிருப்பான், இங்கே அந்த வரி சாம்பல் நிறமாக மாறி, "மாற்றப்பட்டது" என்று வந்து, இருப்பு பழையபடி ஆனது. அதே காசை அதிகக் கட்டணம் போட்டுத் தன் முகவரிக்கே திருப்பிக்கொண்டான். மச்சான் இன்னும் அந்தக் காப்பியைத்தான் சொல்லிச் சொல்லி மாய்கிறார்.

திண்ணைவாசி:
இதனால்தான் ஆர்பிஎஃப் (அனுப்பியதை அதிகக் கட்டணத்தில் மாற்றி அனுப்பும்) வசதியே கூடாது என்கிறேன். கட்டணத்தைக் கூட்டுவதற்கு என்று சொல்லித் திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள். கடைக்காரர் கல்லாவில் பத்து நிமிடம் யாரை நிற்க வைப்பார்?

ஈரோடு_நோடு:
@திண்ணைவாசி, கதவு முதலிலிருந்தே திறந்துதான் இருக்கிறது. பிளாக்கில் ஏறாத பரிவர்த்தனை வெறும் கோரிக்கை. இரண்டு கோரிக்கையில் எதை எடுப்பது என்பது மைனர் இஷ்டம், கூடக் கொடுப்பதைத்தான் எடுப்பார். முன்பு அனுப்புகிறவர் "மாற்றலாம்" என்று குறி போட்டால்தான் நோடுகள் மாற்ற விட்டன. 2024 அக்டோபரில் வந்த பிட்காயின் கோர் (நோடுகளில் ஓடும் மென்பொருள்) 28-ஆம் பதிப்பில் குறி இல்லாவிட்டாலும் மாற்றுவது இயல்பாகிவிட்டது. பத்து நிமிடம் என்பதும் சராசரிதான். அடுத்த பிளாக்குக்கு அரை மணிக்கு மேல் காத்திருக்க நேர்வது இருபதில் ஒரு தடவை.

திண்ணைவாசி:
சரி, கோரிக்கைதான். அப்படியானால் வாலட் ஏன் மணி அடித்துப் "பணம் வந்தது" என்கிறது? குமரன் மச்சானை ஏமாற்றியதில் அந்த மணிக்கும் பங்கு உண்டு. அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

கிளாங்_குமரன்:
திண்ணைவாசி கேட்டது நூற்றுக்கு நூறு நியாயம்.

தங்கச்சி_டொரண்டோ:
மணி வராமல் பயந்த கதை இது. அண்ணன் 2013-இல் ஒரு காகிதத்தில் அச்சடித்து வைத்த சாவியை (பிட்காயினைச் செலவழிக்கத் தேவையான ரகசிய எண்) கணினி வாலட்டில் ஏற்றி, கொஞ்சத்தை மட்டும் நண்பருக்கு அனுப்பினார். எக்ஸ்புளோரரில் (பரிவர்த்தனைகளைத் தேடிப் பார்க்கும் தளம்) பார்த்தால் நண்பருக்குச் சின்னத் தொகை, மீதி முழுக்க யாரென்றே தெரியாத ஒரு முகவரிக்கு. பழைய முகவரியில் பூஜ்யம். ராத்திரி எனக்குப் போன்: "வைரஸ் புகுந்து எல்லாவற்றையும் எடுத்துட்டான்மா, கம்ப்யூட்டரை ஃபார்மேட் பண்ணப் போறேன்." பின்னால் கணினி ஓடும் சத்தம் கேட்கிறது. "கை வைக்காதீங்க அண்ணா" என்று நான் போட்ட கத்தலில் என் குழந்தை எழுந்துவிட்டது. அது மிச்சக் காசு. துண்டைப் பாதியாக உடைக்க முடியாது, வாலட் அதை முழுதாகச் செலவழித்து மீதியைப் புது முகவரிக்கு வாங்கிக்கொள்ளும். அந்தப் புது முகவரியின் சாவி அந்தக் கணினியில் மட்டுமே இருந்தது, விதைச் சொற்களை (சாவிகளை மீட்க உதவும் சொற்கள்) அவர் எழுதி வைக்கவே இல்லை. முகவரிப் பட்டியலில் "மிச்சம்" என்ற இரண்டாவது பிரிவைத் திறக்கச் சொன்னேன். போனில் ரொம்ப நேரம் பேச்சே இல்லை. அப்புறம் "இருக்கு, மா" என்றார்.

சில்லறைப்பை:
@தங்கச்சி, படிக்கும்போதே கை நடுங்கிவிட்டது. ஒன்று கேட்க வேண்டும்: பரிவர்த்தனை நிற்கிறது என்று நான் வேறொரு இடத்தில் எழுதிய அன்றே, "வேகப்படுத்தித் தருகிறோம்" என்று ஒருவர் தனிச் செய்தியில் வந்து 12 விதைச் சொற்களைக் கேட்டார். மல்லிகாவுக்கும் அப்படி யாராவது வந்தார்களா?

மல்லிகா_டெவ்:
மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் இந்த இழையைப் பார்த்துவிட்டு இன்றைக்கு வந்திருக்கிறார். நிர்வாகிகளுக்குப் புகார் அனுப்பிவிட்டேன்.