நிகோசியா: பச்சைக் கோட்டைத் தாண்டி வடக்கே போகலாமா?

உப்புக்காற்று
சைப்ரஸ் தலைநகர் நிகோசியாவில் தெற்குப் பாதி சைப்ரஸ் குடியரசிடம், வடக்குப் பாதி 1974 முதல் துருக்கி ராணுவத்தின் பிடியில். நடுவில் ஐ.நா. படை காவல் காக்கும் ஆளில்லாத பட்டை, அதுதான் பச்சைக் கோடு. "லெட்ரா தெருவில் நடந்து வடக்கே போய் ஒரு காபி குடித்துவிட்டு வாங்க" என்று பலர் லேசாகச் சொல்கிறார்கள். அங்கே பாஸ்போர்ட்டை நீட்டினாலே அந்தப் பிடியை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாதா? 1983-இல் வடக்கின் துருக்கிய சைப்ரஸ்காரர்கள் அறிவித்த தனிநாட்டைத் துருக்கியைத் தவிர யாரும் ஏற்கவில்லை. ஐ.நா. பாதுகாப்பு அவையின் 541-ஆம் தீர்மானம் அந்த அறிவிப்பே செல்லாது என்கிறது.

சாலைவழி
தாண்டுறதுக்குச் சட்டத்தில் தடை இல்லைங்க. தீவுக்குள்ள எந்த வழியா வந்தீங்கங்கறதுதான் பெரிய விஷயம். லார்னகா, பாஃபோஸ் விமான நிலையம்னா சிக்கல் இல்லை. டிக்கெட் மலிவுன்னு இஸ்தான்புல்லில் இருந்து வடக்கே இருக்கற எர்ஜான் விமான நிலையத்தில் போய் இறங்கினா, குடியரசு அதைச் சட்டவிரோத நுழைவுன்னுதான் எடுத்துக்கும். ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களைப் பெரும்பாலும் விட்டுடுவாங்க. இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்குத் தெற்கே நுழைய விடாம அங்கேயே திருப்பிடலாம். அப்புறம் ஊர் திரும்பும் விமானம் லார்னகாவில் இருந்துன்னா அதையும் விட வேண்டியதுதான்.

தெற்குச் சாவடிக்காரங்க அந்தக் கோட்டை நாட்டு எல்லையாவே கருதறதில்லை. அதனால பாஸ்போர்ட்டைப் பார்ப்பாங்க, வெளியேறும் முத்திரை கிடையாது. நடந்து போறவங்களுக்கு லெட்ரா தெரு (2008 ஏப்ரலில் திறந்தது), லெட்ரா பேலஸ் (2003) ரெண்டும் இருக்கு. வண்டின்னா நகரத்தின் மேற்கே அயியோஸ் தொமேதியோஸ். துருக்கியர் அதை மெத்தெஹான்னு சொல்வாங்க, வடக்கே பலகையில் அந்தப் பேர்தான் இருக்கும்.

கல்மதில்
தடை இல்லை என்பதாலேயே சரி என்று ஆகிவிடாது. 1974-இல் 1,50,000-க்கும் மேற்பட்ட கிரேக்க சைப்ரஸ்காரர்கள் வடக்கிலிருந்து துரத்தப்பட்டார்கள். அவர்களின் நிலத்தில்தான் வடக்குக் கடற்கரை ஊரான கிரீனியா பக்கம் விடுதிகள் எழும்பி நிற்கின்றன. அங்கே நிலத்தை இழந்த லொய்சிடோ என்ற பெண் தொடுத்த வழக்கில் 1996-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அந்த நிலம் இன்னும் அந்த அம்மாவுடையதே என்று சொன்னது. உரிமையாளர் சம்மதமில்லாமல் அப்படிப்பட்ட சொத்தை விற்றாலோ வாங்கினாலோ குடியரசில் 7 ஆண்டு வரை சிறை. நாம் வாங்கப் போவதில்லைதான். ஆனால் ஒரு ராத்திரி தங்கக் கொடுக்கும் காசும் அந்தக் கணக்கில்தான் சேர்கிறது.

ஏழாம்வாசல்
கல்மதில் சொல்லும் நிலக் கணக்கு உண்மை. ஆனால் கதையை 1974-இல் தொடங்கினால் பாதி விட்டுப்போகிறது. கோடு போடப்பட்டது கிரேக்க, துருக்கிய சைப்ரஸ்காரர்களின் 1963 டிசம்பர் மோதலின்போது. பிரிட்டிஷ் தளபதி ஒருவர் வரைபடத்தில் பச்சைப் பென்சிலால் இழுத்த கோடு, பேரும் அதிலிருந்துதான். அன்றிலிருந்து 1974 வரை துருக்கிய சைப்ரஸ்காரர்கள் பலர் அடைபட்ட பேட்டைகளில் கிடந்தார்கள். பின்னர் 40,000-க்கும் மேற்பட்டோர் தெற்கே வீட்டை விட்டு வடக்கே வந்தார்கள். 2004 ஏப்ரல் 24 வாக்கெடுப்பில் ஐ.நா.வின் இணைப்புத் திட்டத்துக்கு வடக்கில் சுமார் 65% பேர் ஆம் என்றார்கள். தெற்கில் சுமார் 76% பேர் வேண்டாம் என்றார்கள். ராணுவம் வேறு, அந்தச் சனங்கள் வேறு. வடக்கு நிகோசியாவின் பழைய சத்திரமான புயுக் ஹானில் கைவினைக் கடை வைத்திருப்பவரிடம் பொருள் வாங்குவது படைக்குக் கொடுக்கும் காசு ஆகாது. அந்தச் சத்திரம் 1572-இல் உஸ்மானியர் கட்டியது, யாரையும் துரத்திவிட்டுப் பிடித்த கட்டடம் இல்லை.

உப்புக்காற்று
புயுக் ஹானுக்கு அது பொருந்தும். பழைய நகரைச் சுற்றிய அதே மதிலுக்குள் அரபாஹ்மெத் பேட்டை? 1963-64 வரை அங்கே ஆர்மேனியர்கள் நிறைய இருந்தார்கள். விட்டுப் போக வேண்டியதாயிற்று. புதுப்பித்த அழகான வீடு என்று படம் எடுப்பவர்களுக்கு வாசல் யாருடையது என்று தெரிவதில்லை.

சாலைவழி
படம்னு சொன்னதால: சிவப்புப் பலகையில் ராணுவ வீரன் உருவம் இருந்தா கேமராவை மட்டுமில்லை, போனையும் கீழே இறக்கிடுங்க. காவல் கூண்டு, மணல் மூட்டை, முள்வேலி எதையும் எடுக்காதீங்க. ஐ.நா. பட்டையிலும் அப்படித்தான். வடக்கே மாட்டிக்கிட்டா உங்க நாட்டுத் தூதரகம் செய்யக்கூடியது ரொம்பக் குறைவு.

அடுத்தது கார். தெற்கே வாடகைக்கு எடுத்த வண்டியின் காப்பீடு கோட்டோட நின்னுடும். சாவடியிலேயே தனிக் காப்பீடு விற்பாங்க, ஆனா அது மூன்றாம் நபர் காப்பீடு மட்டும். நீங்க இடிச்ச அடுத்தவர் வண்டிக்குப் பணம் வரும். உங்க வண்டியின் நசுங்கின கதவுக்கு வராது, வாடகை நிறுவனம் முழுத் தொகையும் உங்ககிட்டதான் கேட்கும். பல நிறுவனங்கள் தாண்டவே கூடாதுன்னு ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். மதிலுக்குள்ள பார்க்கறதுக்கு வண்டியே வேண்டாம்.

போன் பத்தி ஒண்ணு. ஐரோப்பிய சிம்மின் கூடுதல் கட்டணமில்லாத ரோமிங் வடக்கே செல்லாது. மதிலோரத்தில், தெற்கே நிக்கும்போதே வடக்கு நெட்வொர்க்கைப் பிடிச்சுக்கும். லெட்ரா தெருவுக்குள் நுழையறதுக்கு முன்னாடியே டேட்டா ரோமிங்கை அணைச்சிடுங்க.

கல்மதில்
திரும்பி வரும்போது தெற்குச் சுங்கம் பையைத் திறக்கச் சொல்லலாம் என்பதையும் சேருங்கள். 40 சிகரெட், 1 லிட்டர் மதுபானம், மற்றப் பொருள்கள் 260 யூரோ மதிப்பு வரை. இவ்வளவுதான் அனுமதி. பிரபல நிறுவனப் பெயர் போட்ட போலிப் பைகள் பறிமுதலாகும்.

ஏழாம்வாசலுக்கு: சத்திரத்தில் கடை வைத்திருப்பவரோடு எனக்குச் சண்டை இல்லை. பகலில் போய்ப் பகலிலேயே திரும்புங்கள் என்பதே என் கோரிக்கை. தங்குவதுதான் எனக்கு ஏற்க முடியாதது.

ஏழாம்வாசல்
அப்படியானால் தெற்கிலும் அதே கேள்வியைக் கேளுங்கள். துருக்கிய சைப்ரஸ்காரர்கள் விட்டுப்போன வீடுகளை அரசுக் காப்பாளர் ஒருவர் நிர்வகிக்கிறார், வடக்கிலிருந்து வந்த அகதிகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். நிலப் பதிவைப் பார்க்காமல் எந்தப் பக்கமும் சுத்தம் என்று சொல்ல முடியாது.

கல்மதில்
அங்கே சட்டப்படி உரிமை இன்னும் பழைய உரிமையாளர் பேரில்தான் இருக்கிறது. வடக்கில் புதுப் பத்திரம் போட்டு அந்நியருக்கு விற்கிறார்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியாது.

உப்புக்காற்று
சரி, பகலில் மட்டும் போவதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது மதில். வெனிசியர் கட்டிய வட்ட மதிலில் 11 கொத்தளங்கள்: ஐந்து தெற்கே, ஐந்து வடக்கே, ஃபிளாத்ரோ மட்டும் ஐ.நா. பட்டைக்குள். தெற்குப் பக்கத்திலிருந்து மதிலோரமாக நடந்துகொண்டே வந்தால், ஒரு தெரு பாதியில் எண்ணெய்ப் பீப்பாய்களும் மணல் மூட்டையுமாக முடியும். அதற்கப்பால் வீடுகளின் பால்கனிக் கம்பிகள் துருப்பிடித்துத் தொங்கும். அதைப் பார்த்துவிட்டு லெட்ரா சாவடிக்குப் போங்கள்.