ஹோதோர்ன் கழகத்தின் தலைசிறந்த வீரர் யார், எதை வைத்து ஒப்பிடுவது?

காலி வீதி வாசன்:
அவுஸ்திரேலிய உதைபந்தாட்டம் பார்ப்பவர்கள் கொழும்பில் கொஞ்சப் பேர்தான். ஆனாலும் மெல்பேர்ணில் சொந்தம் இருக்கிற வீடுகளில் ஹோதோர்ன் என்ற பெயர் அடிபடும். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இப்போது இதே சண்டைதான். அங்கே வளர்ந்த பிள்ளைகள் லூக் ஹொட்ஜ் என்கிறார்கள், பெரியப்பா லீ மத்யூஸை விட்டு இறங்கமாட்டார். எனக்கு விளங்குவது கோல் எண்ணிக்கை மட்டும்: ஜேசன் டன்ஸ்டல் 1254, மத்யூஸ் 915, பீற்றர் ஹட்சன் 727. அப்படியென்றால் டன்ஸ்டல்தானே முதலிடம்? இல்லையென்றால் வேறு எதைப் பார்க்க வேண்டும்?

பம்பலப்பிட்டி 19:
மொத்தக் கோலில் டன்ஸ்டல்தான், சந்தேகமில்லை. முழு லீக் (ஏ.எஃப்.எல்.) வரலாற்றிலும் டோனி லொக்கெற் (1360), கோர்டன் கவென்ட்ரி (1299) இருவருக்கும் அடுத்த இடம் அவருக்கு. ஆனால் முதலில் ஆட்ட எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். டன்ஸ்டல் 269 ஆட்டம், ஆட்டத்துக்கு 4.66. ஹட்சன் 129 ஆட்டம்தான், சராசரி 5.64. அதைவிடக் கூடிய சராசரி அந்த லீக்கில் எவருக்கும் கிடையாது.

பருவக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது, பலர் இதில்தான் விழுகிறார்கள். ஹட்சன் 1971இல் 150 கோல் அடித்து, பொப் பிராட் 1934இல் வைத்த சாதனையைச் சமன் செய்தார். அந்த 150இல் 10 கோல் இறுதிச் சுற்று ஆட்டங்களில் வந்தவை, லீக் சுற்றில் 140தான். 1970இல் ஹோதோர்ன் இறுதிச் சுற்றுக்கே போகவில்லை. ஆகவே அந்த ஆண்டின் 146உம் முழுக்க லீக் சுற்றுக் கோல்கள். அதிக கோல் அடித்தவருக்கான கோல்மன் பதக்கம் லீக் சுற்றை மட்டும் எண்ணுவதால் அந்தக் கணக்கில் 1970தான் பெரிய ஆண்டு. டன்ஸ்டலின் 1992ஆம் ஆண்டு 145உம் அப்படித்தான்: 139, அதோடு இறுதிச் சுற்றில் 6. ஒருவருக்கு முழுக் கணக்கையும் மற்றவருக்குக் கோல்மன் கணக்கையும் எடுத்தால் ஒப்பீடே பிழைத்துவிடும்.

கொட்டாஞ்சேனை ரோவர்:
பெயரிலேயே டன்ஸ்டலின் சட்டை எண் 19ஐ வைத்திருப்பவர் டன்ஸ்டலில் தொடங்காமல் வேறு எங்கே தொடங்குவார்!

வாசன், கோலை மட்டும் பார்த்தால் மத்யூஸ் மூன்றாவது ஆளாகத் தெரிவார். மற்ற இருவரும் ஃபுல் ஃபோர்வர்ட்கள். கோல் கம்பங்களுக்கு முன்னால் நின்று மார்க் (உதைத்து வரும் பந்தைக் காற்றிலேயே பிடிப்பது) பிடித்து அடிப்பதுதான் அவர்கள் வேலை. மத்யூஸ் ரோவராக வந்தவர். நடுவர் உயர்த்தும் பந்துக்குக் குதிக்கும் ரக் வீரர் தட்டிவிடும் பந்தை நெரிசலுக்குள் புகுந்து எடுத்துக்கொண்டு வெளியே வரவேண்டும். அந்த வேலையைச் செய்தபடியே 332 ஆட்டத்தில் 915 என்பது வேறு கதை. 1977ஐ எடுத்துப் பாருங்கள்: ஹட்சன் 110, அதே அணியில் மத்யூஸ் 91. அந்த ஆண்டு கழகத்தின் சிறந்த வீரர் விருதும் மத்யூஸுக்குத்தான். பீற்றர் கிரிம்மின்ஸ் பதக்கம் என்று இன்று சொல்லப்படும் அந்த விருதை அவர் 8 தடவை வென்றார். சாம் மிற்செல் 5, டன்ஸ்டல் 4, ஹட்சன் 2, ஹொட்ஜ் 2.

இன்னொன்று. உதை, மார்க், ஹாண்ட்போல் (கையால் குத்திக் கொடுப்பது) கணக்கெல்லாம் 1965இலிருந்து இருக்கிறது. டக்கிள் (பந்து வைத்திருப்பவரைப் பிடித்து நிறுத்துவது) கணக்கு 1987இல்தான் தொடங்கியது, மத்யூஸ் 1985இலேயே ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய பெரிய பலமே எதிராளியை மோதி நிறுத்துவது. அதற்கு எண்ணே இல்லை. கிண்ண இறுதியாட்டத்தின் சிறந்த வீரருக்கான நோர்ம் ஸ்மித் பதக்கமும் 1979இல் வந்ததுதான், ஆகவே 1971, 1976, 1978 கிண்ணங்களை ஹொட்ஜின் இரண்டு பதக்கங்களோடு நிறுத்துப் பார்க்க முடியாது.

காலி வீதி வாசன்:
இவ்வளவு இருந்தும் மத்யூஸுக்கு லீக்கின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கம் இல்லையே, ஏன்?

கிருலப்பனை வடக்கு:
மத்யூஸுக்கு மட்டுமா? ஹட்சன், டன்ஸ்டல், மைக்கல் டக், ஹொட்ஜ், ஒருவருக்கும் இல்லை. பிரவுன்லோவுக்கு வாக்களிப்பது கள நடுவர்கள், ஆட்டத்துக்கு 3, 2, 1 என்று. 1975 வரை ஓர் ஆட்டத்துக்கு ஒரே கள நடுவர். தடை வாங்கிய வீரர் அந்த ஆண்டு தகுதி இழப்பார். நடுக்கள வீரர்தான் நடுவர் கண்ணில் அடிக்கடி படுகிறார். ஃபுல் ஃபோர்வர்டுக்குக் கிடைக்கவே கிடைக்காது என்றில்லை, 1987இல் லொக்கெற்றும் ஹோதோர்னின் ஜோன் பிளற்றனும் பகிர்ந்துகொண்டார்கள். சாம் மிற்செல் 2012ஆம் ஆண்டுப் பதக்கத்தைப் பெற்றது 2016இல், ஜோப் வொட்சனிடமிருந்து அது பறிக்கப்பட்ட பிறகு. இந்தப் பதக்கத்தை வைத்துக் கழக வீரர்களை வரிசைப்படுத்தாதீர்கள்.

கோல் கணக்குக்குக் காலத்தையும் பார்க்க வேண்டும். 1982இல் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் எடுத்த சராசரி 110 புள்ளியைத் தாண்டியது (ஒரு கோலுக்கு 6 புள்ளி). இப்போது 80ஐச் சுற்றித்தான். அப்போது ஃபுல் ஃபோர்வர்டை மறிக்க ஒரே ஒரு ஃபுல் பக். இப்போது பந்துக்குப் பின்னால் கூட்டமாக வந்து இடத்தை மூடுகிறார்கள். 2008இல் லான்ஸ் ஃபிராங்ளின் 113 அடித்த பிறகு ஒருவரும் 100ஐத் தொடவில்லை. நேர்மையாக ஒப்பிட, ஒவ்வொரு பருவத்திலும் அணி அடித்த மொத்தக் கோலில் அந்த வீரரின் பங்கு எத்தனை வீதம் என்று போடுங்கள். ஆட்டவாரிக் கணக்கு ஏ.எஃப்.எல். டேபிள்ஸ் தளத்தில் கிடைக்கும். அவர் ஆடாத ஆட்டங்களின் கோலைக் கழிக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் காயத்தில் இருந்தவரின் பங்கு குறைவாகக் காட்டும்.

ஹொட்ஜ் பற்றிப் பிள்ளைகள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 2013, 2014, 2015 மூன்று கிண்ணத்துக்கும் தலைவர், 2008உம் சேர்த்து நான்கு. கிண்ணம்தான் அளவுகோல் என்றால் டக்கை மறக்கக் கூடாது: 426 ஆட்டம், 7 கிண்ணம், அதில் நான்கு தலைவராக. ஆனால் கிரிம்மின்ஸ் பதக்கம் ஒன்றுகூட இல்லை. நீண்ட காலம் ஆடியதும் உச்சத்தில் ஆடியதும் ஒன்றல்ல என்பதற்கு அவரே சாட்சி. மத்யூஸிடம் இரண்டும் இருக்கிறது. என் பட்டியல்: மத்யூஸ், ஹட்சன், டன்ஸ்டல், ஹொட்ஜ், டக்.

பம்பலப்பிட்டி 19:
மத்யூஸ் முதலிடம், சரி. ஹட்சனை டன்ஸ்டலுக்கு மேலே வைப்பதை ஏற்கமாட்டேன். 1968 முதல் 1971 வரை நான்கு ஆண்டில் 541 கோல், அது யாராலும் முடியாத காரியம்தான். 1972இன் முதல் ஆட்டத்தில் இடைவேளைக்கு முன்பே 8 கோல் அடித்துவிட்டு முழங்கால் போனது. அதற்குப் பிறகு முழுப் பருவம் என்று சொல்ல 1977 மட்டும்தான். கிண்ணம் ஒன்று. டன்ஸ்டல் 1988, 1989, 1992, 1993 என்று நான்கு பருவம் 120ஐத் தாண்டினார், நான்கு கிண்ணமும் எடுத்தார்.