ஓப்பனிங் டே ஊர்வலம் ஒரு நாள், முதல் ஆட்டம் வேறு நாளா? 1994 சின்சினாட்டி பற்றி ஒரு கேள்வி

ஓஹியோ_வாசி (கேள்வி)

வேலை காரணமாக சின்சினாட்டிக்கு வந்தவர்கள் நாங்கள். இங்கே பேஸ்பால் சீசன் தொடங்கும் நாள் (ஓப்பனிங் டே) பண்டிகை மாதிரிதான், ஆபீஸில் பாதிப் பேர் லீவு, பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பாமல் ஊர்வலத்துக்குக் கூட்டிப் போகிறார்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. எங்கள் ஆபீஸ் டீமில் சீனியர் ஒருவர் இருக்கிறார், உள்ளூர் அணியான ரெட்ஸின் பல வருஷ ரசிகர். 1994இல் சீசனின் முதல் ஆட்டம் உள்ளூரிலேயே நடந்தும் அவர் போகவில்லையாம், டிக்கெட் கிடைத்தும் போகவில்லையாம். மறுநாள் ஆட்டத்துக்குத்தான் போனாராம். ஏன் என்று கேட்டால், "ஞாயிறு ஆட்டம் டிவிக்காரர்களுடையது, திங்கள்தான் எங்களுடையது" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அப்படி என்னதான் நடந்தது? இப்போது சீசனின் முதல் ஆட்டத்தை நெட்ஃப்ளிக்ஸுக்குத் தனியாகக் கொடுத்திருக்கிறார்களே, மறுபடியும் அப்படி நடக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_ஸ்கோர்கார்டு

உங்கள் சீனியர் சொன்னது முழுக்க உண்மை. 1994 ஏப்ரல் 3, ஈஸ்டர் ஞாயிறு. நாடு முழுக்கப் பார்க்கிற மாதிரி சீசனின் முதல் ஆட்டத்தை ஞாயிறு இரவில் வைக்கலாம் என்று இஎஸ்பிஎன் விளையாட்டு சேனல் முடிவு செய்தது, அது ரெட்ஸ் ஊரில் செயின்ட் லூயிஸ் அணியான கார்டினல்ஸுடன் ஆடும் ஆட்டமாக அமைந்தது. கார்டினல்ஸ் 6-4 என்று ஜெயித்தது, அதை விடுங்கள். ரெட்ஸின் அப்போதைய உரிமையாளர் மார்ஜ் ஷாட் இந்த ஏற்பாட்டை ஏற்கவே இல்லை. திங்கள்கிழமைதான் எங்கள் ஓப்பனிங் டே என்று அறிவித்து, ஊர்வலம், விழா எல்லாவற்றையும் ஏப்ரல் 4க்கே வைத்துக்கொண்டார். ஆக, ரெக்கார்டில் சீசன் ஞாயிறே தொடங்கிவிட்டது, ஊருக்கு மட்டும் திங்கள்தான் தொடங்கியது. ஷாட் நிறவெறிப் பேச்சுக்காக 1993இல் சஸ்பெண்ட் செய்யப்பட்டவர், அவரைப் புகழ எனக்கு மனசு வராது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் ஊரின் பக்கம் நின்றார், அதை மறைக்கவும் முடியாது.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரிவது கஷ்டம். வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்து ஆடவைத்த முதல் முழுத் தொழில்முறை அணி 1869இல் இந்த ஊரில்தான் உருவானது. அந்த மரியாதை இன்றும் நிற்கிறது, ரெட்ஸ் ஏறக்குறைய எல்லா வருஷமும் சீசனை சொந்த மைதானத்தில்தான் தொடங்கும். 1877இலும் 1966இலும் மழை கெடுத்தது. 1990இல் ஒப்பந்தத் தகராறில் உரிமையாளர்கள் வீரர்களை வெளியே நிறுத்தியதில் அட்டவணை குழம்பி, ஹூஸ்டனில் தொடங்க வேண்டியதாயிற்று (அந்த வருஷம்தான் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரையும் ஜெயித்தார்கள்). 2022இலும் அதே மாதிரி தகராறு, அட்லாண்டாவில் தொடங்கினார்கள். இவற்றையெல்லாம் ஊர் பொறுத்துக்கொண்டது. மழையோடு யார் சண்டை போட முடியும்? ஒளிபரப்பு நேரத்துக்காக மாற்றியதுதான் உறுத்தியது.

ஊர்வலம் 1920இல் தொடங்கியது. நடத்துகிறவர்கள் ஃபின்ட்லே மார்க்கெட் வியாபாரிகள். கறிக்கடைக்காரர், காய்கறிக்காரர், பள்ளி பேண்டு வாத்தியம், தீயணைப்பு வண்டி, பழைய ஆட்டக்காரர்கள் என்று ரேஸ் தெரு வழியாக டவுன்டவுனுக்கு இறங்குவார்கள். ஊர்வலம் முடிந்த சூட்டோடு கூட்டம் மைதானத்துக்குப் போக வேண்டும், அதுதான் அந்த நாளின் உயிர். மதியம் ஊர்வலம், ராத்திரி எட்டு மணிக்கு ஆட்டம் என்றால் இரண்டும் ஒட்டாது. குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிறவர் ஏப்ரல் முதல் வாரக் குளிரில் நடுராத்திரி வரை எப்படி உட்காருவார்?

இரவுஷிப்ட்

மேலே சொன்னதில் தவறில்லை, ஆனால் எதிர்த்தரப்பையும் கேளுங்கள். வார நாள் மதியம் ஆட்டம் வைத்தால் யார் பார்க்க முடியும்? லீவு கிடைக்கிறவர்கள்தான். கிடங்கிலோ ஆஸ்பத்திரியிலோ பகல் வேலை பார்க்கிறவருக்கு ஓப்பனிங் டே என்பது போனில் ஸ்கோர் பார்ப்பதோடு முடிந்துவிடும். ஞாயிறு இரவு ஆட்டம் அவருக்குக் கிடைத்த ஒரு வாய்ப்பு. இன்னொன்று, தேசிய ஒளிபரப்புப் பணத்தை 30 அணிகளும் சமமாகப் பிரித்துக்கொள்கின்றன. நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் மாதிரி பெரிய ஊர்களுக்கு அந்தப் பணம் இல்லாவிட்டாலும் ஓடும். சின்சினாட்டி மாதிரி சின்ன ஊருக்குத்தான் அது அதிகம் தேவை. டிவியைத் திட்டும்போது இதையும் சேர்த்து யோசியுங்கள்.

அப்புறம், நாள் மாறுவதற்கு எல்லா நேரமும் டிவி காரணம் இல்லை. 2018இல் வீரர்கள் ஒப்பந்தத்தில் ஓய்வு நாட்கள் கூடியதால் சீசனை மார்ச் 29, வியாழக்கிழமையே தொடங்கினார்கள். அது ஈஸ்டருக்கு முந்தைய வாரம், மார்க்கெட்டில் வியாபாரம் உச்சத்தில் இருக்கும் நேரம். கடையை விட்டுவிட்டு வரமுடியாது என்று வியாபாரிகளே ஊர்வலத்தை ஏப்ரல் 2க்குத் தள்ளினார்கள். அந்த வியாழன் ஆட்டமும் மழையால் வெள்ளிக்குப் போனது.

பழைய_ஸ்கோர்கார்டு

2018ஐப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் அங்கே முடிவெடுத்தவர்கள் மார்க்கெட்காரர்கள், ஊர்வலம் அவர்களுடையது. 1994இல் ஊரை யாரும் கேட்கவில்லை. எனக்கு வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. பகல் வேலைக்காரர் பற்றிய கவலை நியாயமானது, அதற்கு இரண்டாவது ஆட்டத்தையோ மூன்றாவது ஆட்டத்தையோ இரவில் வைத்து தாராளமாக ஒளிபரப்பட்டும், யார் வேண்டாம் என்றது?

விடிகாலை_ரசிகன்

நான் 2008இல் பாஸ்டனில் படித்துக்கொண்டிருந்தேன், எங்கள் அனுபவம் இன்னும் மோசம். 2007 சாம்பியன் எங்கள் ஊர் அணி ரெட் சாக்ஸ். அடுத்த சீசனை டோக்கியோவில் வைத்தார்கள், 2008 மார்ச் 25, பாஸ்டன் நேரம் காலை 6:05. இருட்டோடு எழுந்து காபியும் கையுமாகப் பார்த்தோம், முடிந்ததும் வகுப்புக்கு ஓடினோம். கணக்கில் வருகிற இரண்டு ஆட்டங்களை அங்கே ஆடிவிட்டு, திரும்பி வந்து மறுபடியும் பயிற்சி ஆட்டம் ஆடினார்கள்! அதில் ஒன்று லாஸ் ஏஞ்சலஸ் கொலீசியத்தில் டாட்ஜர்ஸுடன், 1,15,300 பேர் வந்தார்கள். சீசன் தொடங்கிவிட்டதா இல்லையா என்றே யாருக்கும் விளங்கவில்லை. எதிரணி ஓக்லாண்ட் பாவம், டோக்கியோவில் அவர்கள்தான் "சொந்த மைதான" அணி, அவர்கள் ரசிகர்களுக்கு உள்ளூர் ஆட்டம் இரண்டு போயிற்று.

ஜப்பான் ரசிகர்கள் நேரில் பார்த்ததில் எனக்கு சந்தோஷம்தான், அவர்கள் பேஸ்பாலை எங்களைவிட அதிகம் நேசிக்கிறவர்கள். ஆனால் ஏப்ரல் 8 அன்று எங்கள் மைதானமான ஃபென்வேயில் சாம்பியன் மோதிரம் கொடுத்தார்களே, எங்களுக்கு அன்றுதான் வருஷம் பிறந்தது.

ஓஹியோ_வாசி

எல்லோருக்கும் நன்றி. சீனியரிடம் ஏப்ரல் 3, 6-4 என்று சொன்னதும் மனிதர் முகம் மலர்ந்துவிட்டது, அரைமணி நேரம் பேசினார். நெட்ஃப்ளிக்ஸ் கேள்வி மட்டும் பாக்கி. அப்புறம் ஊர்வலத்துக்கு எங்கே நிற்பது?

பழைய_ஸ்கோர்கார்டு

2026இல் நெட்ஃப்ளிக்ஸுக்குப் போனது மார்ச் 25 இரவு, யாங்கீஸும் ஜயன்ட்ஸும் சான் பிரான்சிஸ்கோவில் ஆடுவது. அது முந்தின நாள் தனி ஆட்டம், ரெட்ஸின் நாளைத் தொடவில்லை. முதல் பந்து எந்த ஊரில் விழுந்தாலும் விழட்டும், எங்கள் மதியத்தைத் தொடாதவரை எனக்குச் சண்டை இல்லை. என்றைக்காவது ரெட்ஸையே அந்த இரவு ஆட்டத்துக்கு இழுத்தால் அப்போது அணி நிர்வாகத்துக்கு எழுதுவேன், நீங்களும் எழுத வேண்டும்.

ஊர்வலத்துக்கு மார்க்கெட் பக்கம், ரேஸ் தெருவின் மேல்முனையில் நில்லுங்கள். டவுன்டவுன் சதுக்கத்தில் கூட்டம் தாங்காது, பிள்ளைகளால் ஒன்றும் பார்க்க முடியாது. தெருக்களை மூடிவிடுவார்கள், காரைத் தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். சிவப்புச் சட்டைக்கு உள்ளே ஒரு ஸ்வெட்டர் கட்டாயம்.